சரத்தில் தொங்கும் ஷாம்பு

ஒரு வீட்டார் எதை வாங்குகிறார்கள் என்பதைவிட, எந்த அளவில் வாங்குகிறார்கள் என்பதில்தான் அவர்களுடைய வருமானத்தின் தன்மை தெரியும். தென்காசி வட்டாரப் பெட்டிக்கடைகளில் வாசலை மறைத்துத் தொங்கும் ஷாம்பு சரம் இதற்கு நல்ல சான்று. கடைக்காரர் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்; வாங்கியவர் குளிக்குமிடத்தில் மூலையைப் பல்லால் கடித்துத் திறப்பார். ஒரு தலைக்கு ஒரு பாக்கெட், ஒரு ரூபாய். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தப் பாக்கெட்டின் பிறப்பிடம் கடலூர். பணக்காரர் வாங்கும் பொருள் கூலி ஆளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர் அவ்வூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். சீயக்காயும் அரப்பும் புழங்கிய வீடுகளுக்குள் ஷாம்பு நுழைந்தது இப்படிப்பட்ட பாக்கெட்டுகளால்தான்.

ஏழை அதிக விலை கொடுக்கிறான் என்று நியூயார்க் நகரத்தை ஆராய்ந்த டேவிட் காப்லோவிட்ஸ் 1963இல் எழுதினார். ஷாம்பு விஷயத்தில் அது தலைகீழ். மில்லிக்கு என்ன விலை என்று பார்த்தால் பாட்டிலைவிடப் பாக்கெட்டே பெரும்பாலும் மலிவு. பாட்டில் வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் காசு வசதிக்கும், குளியலறை அலமாரியின் தோற்றத்துக்கும் போகிறது. பிறர் பார்க்கச் செலவழிப்பதைப் பற்றிப் பொருளியல் அறிஞர் வெப்லன் 1899இல் எழுதியது இங்கே அப்படியே பொருந்தும்.

இதே வேறுபாட்டைக் குற்றாலத்திலும் பார்க்கலாம். சீசன் நாட்களில் காரில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் பேரருவியின் கீழே ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். தங்கும் விடுதியிலும், கொறிக்க வாங்கும் நேந்திரங்காய் சிப்ஸின் எடையிலும் பிரிந்துவிடுகிறார்கள். பழத்தோட்ட அருவியோ முக்கியப் பிரமுகர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது நல்ல காரியம். தண்ணீர் கெடாமலிருப்பது எல்லோருக்கும் வேண்டியது.

காப்லோவிட்ஸ் சொன்னது மெய்யாகும் இடம் அருவிக்கரையில் இல்லை. ஊருக்குள், பீடி சுற்றும் வீடுகளில் இருக்கிறது. தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கம் ஏராளமான பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அது கைக்கு வரும்வரை அடுப்பு எரியவேண்டுமே! பக்கத்துக் கடையில் நூறு எண்ணெய், கால் கிலோ பருப்பு என்று வாங்கிப் பற்று நோட்டில் எழுதுகிறார்கள். சில்லறை அளவுக்கு விலை கூடுதல். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு: பற்று வைத்தவர் அடுத்த கடையில் விலை கேட்க முடியாது. இதை ஊதாரித்தனம், திட்டமில்லாமை என்பவர்கள், மொத்தமாக வாங்க மொத்தமாகக் கையில் பணம் இருக்கவேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். எத்தனையோ வீடுகளில் பற்று நோட்டின் பெரிய செலவு அதனால் குறைந்தது. சிக்கனம் பற்றிய எந்த அறிவுரையும் இந்த அளவுக்கு உதவியதில்லை.