தக்கை எங்கடா?

எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனால் ஐந்து பேர் போவோம். பழைய போட் பார்க்கப் பதினொரு பேர் போனோம்!

பதினொரு பேரில் ஒருத்தர்கூட போட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். விற்கிறவர் கெட்டிக்காரர். போன உடனேயே வாழைக்காய் பஜ்ஜி, டீ என்று அமர்க்களப்படுத்திவிட்டார். போட்டும் புது நீலப் பெயிண்டில் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று மணலில் உட்கார்ந்திருந்தது. "லட்சணமா இருக்கு" என்றார் என் சித்தப்பா. அவர் பெண் பார்க்கப் போனாலும் இதைத்தான் சொல்வார். முடித்துவிட்டோம்.

எனக்குக் காரைக்காலில் குமாஸ்தா உத்தியோகம். சொந்த ஊர் திருமலைராயன்பட்டினத்துப் பட்டினச்சேரி. மீனவக் குடும்பம்தான் என்றாலும் எனக்குக் கடலோடு உள்ள சம்பந்தம் குழம்பு வரைக்கும்தான். போட் என் தங்கை புருஷனுக்காக. மாப்பிள்ளை பதினெட்டு வருஷம் அடுத்தவர் போட்டில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர். "சொந்தமா ஒண்ணு இருந்தா நம்ம புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போவலாம் மச்சான்" என்று நாலு வருஷமாகச் சொல்லி வந்தார். என் பி.எஃப். கடன், தங்கையின் இரண்டு வளையல், கொஞ்சம் கைமாற்று... எல்லாம் சேர்ந்து ஒரு முப்பது அடி ஃபைபர் போட்டாகவும், ஒரு பழைய அவுட்போர்டு இன்ஜினாகவும் மாறி, டிராக்டரில் ஊர் வந்து சேர்ந்தது.

மாசி மகத்துக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் ஊரில் மாசி மகம் என்றால் சாதாரண விஷயமில்லை. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மீனவர் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பது ஐதீகம். அதனால் ஊரே திரண்டு நின்று அவரை "மாப்பிள்ளே" என்றுதான் வரவேற்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தன் போட்டை இறக்க வேண்டும் என்று எங்கள் வீட்டு மாப்பிள்ளை முடிவு பண்ணிவிட்டார். பூ, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் ரெடி.

அப்போதுதான் பெரியப்பா வந்தார்.

பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. கட்டுமரத்தில் போய் வந்த ஆள். ஒரு கண்ணில் புரை. கையில் ஒரு சின்னச் சுத்தியல், வேட்டி மடிப்பில் ஸ்பானர்.

"பஜ்ஜி நல்லா இருந்திச்சாமே?" என்றார் என்னைப் பார்த்து. அந்தப் பஜ்ஜியை ஊர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தது.

போட்டின் முன்பக்கம் அணியத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு சாணுக்கும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக்... டாக்டர் முதுகில் விரலை வைத்துத் தட்டுவாரே, அதே மாதிரி.

"என்ன பெரியப்பா, தேங்கா வாங்கறீங்களா?" என்றேன்.

"ஆமாண்டா. இதுவும் உள்ள தண்ணி இருக்கான்னு பாக்கறதுதான்."

பிறகு விளக்கினார். கட்டுமரம் என்பது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. தண்ணீர் ஒரு இடுக்கில் வந்து இன்னொரு இடுக்கில் போகும். கட்டை தானே மிதக்கும், கவிழ்ந்தாலும் மூழ்காது. ஃபைபர் அப்படி இல்லை. கண்ணாடி இழையும் ரெசினும் தண்ணீரைவிடக் கனமான சரக்கு. போட்டின் வடிவமும், உள்ளே அடைத்திருக்கும் ஃபோமும்தான் அதை மிதக்க வைக்கிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து ஃபோமும் ஊறிப் போனால், அப்புறம் அது போட் இல்லை, தொட்டி.

"கட்டுமரத்த நம்பலாம். இத சோதிச்சுப் பாத்துட்டுத்தான் நம்பணும்" என்றார்.

2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் கரையில் உயிர்களோடு மரங்களையும் வலைகளையும் கொண்டுபோன பிறகு, நிவாரணமாக ஃபைபர் போட்டுகள் ஏராளமாக வந்து இறங்கின. கட்டுமரம் குறைந்துபோனது. அவசரத்தில் செய்த போட்டுகளில் சில தரமில்லாதவை என்ற பேச்சும் கூடவே வந்தது. எங்கள் போட் எந்த வருஷத்துப் பிள்ளை என்பது அதன் பெயிண்டுக்குத்தான் தெரியும்!

அடுத்தது இன்ஜின். இதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியும், அதை எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் ஓலி எவின்ரூட் என்று ஒருவர். கட்டிக்கப்போகிற பெண் ஐஸ்கிரீம் கேட்டாள் என்று ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ரோஷத்தில் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரைச் செய்து 1909-ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

"ஐஸ் வச்சுக்கிட்டுப் போவத் தெரியாத பய" என்று கதையை முடித்துவிட்டார் பெரியப்பா.

ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இன்ஜினின் கால் முங்குகிற மாதிரி நிறுத்தி, கயிற்றை இழுத்தார் மாப்பிள்ளை. ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பா மட்டும் சத்தத்தைக் கேட்கவே இல்லை. இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வழியாகத் தண்ணீர் பீச்சி அடிக்க வேண்டுமாம். உள்ளே இருக்கும் ரப்பர் விசிறி கடல் தண்ணீரை மேலே இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கிறது. அந்தப் பீச்சல்தான் அதற்குச் சாட்சி. எங்கள் இன்ஜினுக்கு நீர்க்கடுப்பு மாதிரி சொட்டு சொட்டாகத்தான் வந்தது.

"நிறுத்து! ரப்பரு போயிருக்கு. இப்படியே ஓட்டினா அரை மணியில சிக்கிக்கும்."

கீழே இருக்கும் திருகைக் கழற்றினார். கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வழிந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். அப்புறம் இன்ஜினின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி. உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னாமல் இருக்கத் தன்னையே தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கும் கட்டி அது. குடும்பத்தில் மூத்த பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விற்றவர் அதன் மேலும் நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட் மூடினால் கட்டி வேலை செய்யாது. மூத்த பிள்ளைக்கு வாயைக் கட்டிவிட்டார்கள்!

குமாஸ்தா என்ற முறையில் நான் காகிதத்தைப் பார்த்தேன். பில்லில் இருக்கிற இன்ஜின் நம்பரும் இன்ஜினில் இருக்கிற நம்பரும் ஒன்றா, பதிவு யார் பேரில், தமிழ்நாட்டுப் பதிவைப் புதுச்சேரிக்கு மாற்ற என்ன வேண்டும்... அது ஒன்றுதான் எல்லாம் சரியாக இருந்தது. பெட்ரோல் போடும் டியூபை யாரும் பார்க்கவில்லையே என்று நானாகவே எடுத்து வளைத்துப் பார்த்தேன். மயிரிழை மாதிரி வெடிப்பு.

பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்.

1986-ல் என் அப்பா போன வள்ளத்தில் இப்படி ஒரு டியூப்தான் வெடித்தது. பெட்ரோல் முழுக்க ஒழுகி, இன்ஜின் நின்று, இரண்டு ராத்திரி நீரோட்டத்தோடு போனார்கள். மூன்றாம் நாள் ஒரு விசைப்படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. அப்பா திரும்பி வந்தார். ஆனால் அதற்கப்புறம் கரைவலை இழுத்ததோடு சரி, இன்ஜின் வைத்த எதிலும் ஏறவில்லை. "நீ படிடா" என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். நான் இன்றைக்கு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவது ஒரு முழ ரப்பர் டியூபின் புண்ணியம்.

கடைசியாக அமரம். பின்பக்கம், இன்ஜின் மாட்டுகிற பலகை. பெரியப்பா தட்டினார். டக், டக்... டொப்.

மறுபடி தட்டினார். டொப். ஈர மூட்டையைத் தட்டின மாதிரி.

இன்ஜினைப் பலகையில் மாட்டச் சொல்லி, அதன் காலைப் பிடித்துப் பலமாக ஆட்டினார். இன்ஜினோடு பலகையும் சேர்ந்து அசைந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றினார். ஓட்டையிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. முன்னால் வேறு ஒரு இன்ஜின் மாட்டியிருந்த பழைய ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். அது வழியாகத் தண்ணீர் புகுந்து, ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட் உளுத்துப்போயிருக்கிறது.

"பிரிச்சு, வேற மரம் வச்சு, மேட்டு ஒட்டி, காய வைக்கணும். ரெண்டு வாரமாவும்."

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினெட்டு வருஷமா அடுத்தவன் போட்டுல தொங்கிக்கிட்டுக் கெடந்தேன் பெரியப்பா. நாளைக்கழிச்சு ஊரே பாக்கும். சும்மா கரையோரமா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"சுத்தலாம் மாப்புள. யார் யாரு ஏறுவீங்க?"

"நான், இன்னொரு ஆளு, நம்ம புள்ள."

"அலையில ஏறி எறங்கறப்ப பலகை விட்டுச்சுன்னா இன்ஜின் போவும். சும்மாவா போவும்? பின்பக்கத்தப் பிச்சிக்கிட்டுப் போவும். சரி, துடுப்பு எத்தினி வச்சிருக்கே?"

மாப்பிள்ளை பேசவில்லை. போட்டில் துடுப்பே இல்லை. பதினொரு பேர் போனோமே, ஒருத்தருக்காவது துடுப்பு எங்கே என்று கேட்கத் தோன்றியதா? பஜ்ஜிக்குச் சட்னி எங்கே என்று மட்டும் கேட்டோம்.

தங்கை அதுவரை தூணாக நின்றிருந்தாள். கையில் வளையல் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"பிரிச்சுடுங்க பெரியப்பா" என்றாள். அவ்வளவுதான். பூசணிக்காயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி அது சாம்பாராகிவிட்டது.

விற்றவருக்குப் போன் பண்ணினேன். "எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் சார் இருந்திச்சு" என்றார். எங்களிடம் வந்து மூன்று நாளில் பிளைவுட் உளுத்துவிட்டது போலிருக்கிறது!

மாசி மகத்தன்று பெருமாள் வந்தார். ஊர் "மாப்பிள்ளே" என்று ஆர்ப்பரித்தது. எங்கள் மாப்பிள்ளை கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்பக்கம் பிரித்துப் போட்ட எங்கள் போட்டைப் பார்த்து, "என்ன அண்ணே, வாங்கின உடனே ஆபரேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, வெட்டி எடுத்த பிளைவுட்டைப் பார்த்த பிறகு யாரும் கேலி பண்ணவில்லை. கறுத்துப்போய், கையில் பிடித்தால் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. மாப்பிள்ளை ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். அப்புறம் பெரியப்பாவுக்கு டீ வாங்கப் போனார்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை விடிகாலை. கூட்டமில்லை, மேளமில்லை. புதுப் பலகை, புது ரப்பர், புது சீல், புது டியூப், இரண்டு துடுப்பு, மூன்று லைஃப் ஜாக்கெட். கடலில் ஆபத்தென்றால் கோஸ்ட் கார்டைக் கூப்பிடும் 1554 என்ற நம்பரை நானே உள்பக்கம் பெயிண்டில் எழுதியிருந்தேன். 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் கணக்கில் கலந்தாயிற்று. ஆள் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை மாப்பிள்ளை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். தங்கை சூடம் ஏற்றினாள். எல்லோரும் தோள் கொடுத்தோம்.

"ஏலே... தள்ளு!"

"நில்லுங்க" என்றார் பெரியப்பா. போட்டின் பின்னால் குனிந்து, அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "தக்கை எங்கடா?"

உள்ளே தேங்குகிற தண்ணீர் வடிய அடியில் ஒரு ஓட்டை இருக்கும். அதை அடைக்கிற தக்கை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மாப்பிள்ளை தேடினார், அவர் மகன் தேடினான், நான்தான் எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினேன். "முக்கியமான சாமானை இப்படியா அலட்சியமா வைக்கிறது?" என்று ஒரு அதட்டல்கூடப் போட்டேன்.

"மாமா... உங்க பாக்கெட்ல என்ன முட்டிக்கிட்டு நிக்குது?" என்றான் மருமகன்.

முதல் நாள் போட்டைக் கழுவினபோது, தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டவன் நான்தான். பேனா, மூக்குக் கண்ணாடிக் கூடு, தக்கை!

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி, ரப்பரை அழுத்திப் பார்த்து, திருகினார். பிறகுதான் "தள்ளு" என்றார்.

முதல் நாள் பாடு பிரமாதமில்லை. கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் கவலை மீன். பெட்ரோலுக்குப் போக மிஞ்சியது குழம்புக்குச் சரியாயிருந்தது. ஆனால் மூன்று பேரும் நனைந்துகொண்டு, சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

அப்புறம் மருமகன் அந்தத் தக்கையை ஒரு நைலான் கயிற்றில் கட்டிப் போட்டோடு முடிந்துவிட்டான். தினமும் தள்ளுவதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்க்கிறான். தங்கை கரையிலேயே நிற்கிறாள். இன்ஜினிலிருந்து தண்ணீர் பீச்சி அடிப்பது கண்ணில் பட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்பி உலை வைக்கிறாள்.

நான் வழியனுப்பப் போகிற நாட்களில் மட்டும் அவளுக்கு ஒரு வேலை அதிகம். முதலில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிடுகிறாள்.