நடக்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?

வெளிநாடு போய் வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பதுதான். இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்யும் தங்கை வீட்டில், பள்ளி விடுமுறையில் பத்து நாள் தங்கி வந்தேன். அங்கே நான் செய்ததெல்லாம் நடந்தது மட்டுமே.

மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணத்தில் ஈடேல் என்னும் சிற்றூர் வருகிறது. கல் வீடுகள், ஒரு மாதா கோவில், மேயும் ஆடுகள்; அவ்வளவுதான் ஊர். 1965-இல் திறக்கப்பட்ட 'பென்னைன் வே' என்ற 268 மைல் நடைபாதை அங்கே தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி முடிகிறது. பாதை விவசாயிகளின் நிலத்துக்குள்ளேயே செல்கிறது. வேலியைக் கடக்கப் படியும் வைத்திருக்கிறார்கள். "யார் நீ? இங்கே என்ன வேலை?" என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுதான் பெரிய அதிசயம்!

இதைத் தோட்டத்துப் பாட்டி ஒருவரிடம் சொன்னேன். "நடக்கவா டீச்சரம்மா அவ்வளவு காசு செலவழிச்சிப் போனீங்க? நாங்க இங்க நடந்தது பத்தாதா?" என்று சிரித்தார்.

அவர் கேட்டது நியாயம். விடியுமுன் பிரட்டுக்கு ஓடி, மரத்துக்கு மரம் நடந்து, காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த கால்கள் அவை. நடை என்றால் அவருக்கு வேலை; உல்லாசம் அல்ல. அவருக்குச் சொன்ன கதையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஈடேலை ஒட்டி கிண்டர் ஸ்கௌட் என்ற மலை இருக்கிறது. உயரம் 636 மீட்டர். ஒரு காலத்தில் அது பிரபு ஒருவருக்குச் சொந்தம். அவருடைய விருந்தாளிகள் காட்டுக்கோழி சுட வேண்டும் என்பதற்காக, மற்றவர்கள் அங்கே கால் வைக்க முடியாது. வாரமெல்லாம் புகையிலும் இரைச்சலிலும் உழைத்த மான்செஸ்டர் தொழிலாளர்கள், ஞாயிற்றுக்கிழமையாவது அந்த மலைக்காற்றைச் சுவாசிக்க ஆசைப்பட்டார்கள். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். முன் நின்றவர்களில் ஒருவரான பென்னி ரோத்மனுக்கு வயது 20. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஆனால் அந்த நடை வீண்போகவில்லை. 1949-இல் சட்டம் வந்தது. 1951-இல் அந்தப் பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2002-இல் அந்தப் பிரபுவின் பேரன் மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்.

உழைத்துக் களைத்தவர்கள்தாம் உல்லாசமாக நடக்கும் உரிமையையும் கேட்டு வாங்கினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் சிகாமட்டுக்கு வருவோம். ஜெமெந்தா வழியாகத் தங்காக் போகும் சாலையில், சாகிலில் லேடாங் மலை நிற்கிறது. 1,276 மீட்டர், கிண்டரைப் போல் இரண்டு மடங்கு! ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1854-இல் இந்த மலையில் ஏறி, இதன் பெரணிச் செடிகளைக் கண்டு வியந்து, தம் நூலில் எழுதினார். கடல் கடந்து வந்து அவர் பார்த்த மலையை, பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே நாம் பார்க்கிறோம்.

என் வகுப்பில் கேட்டேன். லேடாங் இளவரசி கதை எல்லாருக்கும் தெரிகிறது. மலையில் கால் வைத்தவர் ஒருவருமில்லை. ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "அங்க நம்மள உள்ள விடுவாங்களா டீச்சர்?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. சுவர் இல்லாத இடத்திலும் நம் பிள்ளைகள் மனத்தில் ஒரு வேலி இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

பெற்றோர்களே, உச்சிக்கு ஏற முன்பதிவும் வழிகாட்டியும் வேண்டும். அது பெரிய பிள்ளைகளுக்கு. சிறியவர்களுக்கு அடிவாரத்து நீர்வீழ்ச்சியே போதும். மழை நாளைத் தவிருங்கள். நீர் திடீரெனப் பெருகும். கட்டுச்சோறு, நல்ல சப்பாத்து, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வரும் விடுமுறையில் ஒரு நாள் கடைத்தெருவை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போங்கள். உள்ளே விடுவார்களா என்ற கேள்விக்கு அவர்கள் கால்களே பதில் சொல்லட்டும்.