கேட்கும் இருதயம்



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பட்டணத்திற்கு வந்தவர்கள் நாம். தகப்பனோ பெரியப்பாவோ அருகில் இல்லாதபடியால், வேலை, வீடு, திருமணம் எதுவானாலும் போதகரிடம் ஆலோசனை கேட்க வருகிறீர்கள். அந்தப் பொறுப்பில் நான் தவறிய ஒரு நாளைக் குறித்து இன்று எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டு, மும்பையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஒரு சகோதரர் மனைவியோடு வந்தார். துபாயில் வெல்டர் வேலை; ஏஜெண்டுக்கு 80,000 ரூபாய் கட்டவேண்டும்; மனைவியின் நகைகளை அடகு வைக்கலாமா என்று கேட்டார். விசா நகல், ஒப்பந்தம், கம்பெனி முத்திரை எல்லாவற்றையும் காண்பித்தார். எனக்கோ அடுத்த வீட்டு ஜெபத்திற்கு நேரமாகிவிட்டது. தலையில் கை வைத்து ஜெபித்து, "இது கர்த்தர் திறந்த வாசல்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சகோதரி மட்டும், "ஐயா, கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாமா?" என்றார். "விசுவாசமாயிரும்மா" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

இரண்டு மாதத்தில் ஏஜெண்டின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. விசா போலியானது. நகைகள் மூழ்கிப்போயின.

அன்றிரவு யோசுவா 9-ஆம் அதிகாரம் என்னைக் குத்தியது. அருகில் குடியிருந்த கிபியோனியர், தூரதேசத்தாரைப் போலப் பழைய இரட்டுகளோடும் பூசணம் பூத்த அப்பத்தோடும் வந்தார்கள். இஸ்ரவேலர் அப்பத்தைச் சோதித்தார்கள், கர்த்தரிடத்திலோ கேட்கவில்லை. மூன்று நாளில் உண்மை வெளிப்பட்டது. கொடுத்த ஆணையை மாற்ற முடியவில்லை. "நான் ஜெபித்தேனே!" என்று என் மனம் வாதாடியது. ஆம், ஜெபித்தேன், ஆனால் கேட்கவில்லை. நான் தீர்மானித்ததற்கு ஆமென் சொல்லும்படி தேவனை அழைத்தேன்.

அதே கிபியோனில்தான் பிற்காலத்தில் சாலொமோன் ஞானத்தைக் கேட்டான். 1 இராஜாக்கள் 3:9-இல் அவன் கேட்டதை எபிரெய மொழியில் உள்ளபடி சொன்னால், 'கேட்கும் இருதயம்' என்பதாகும். உடனே வந்த வழக்கில் அவன் இரண்டு ஸ்திரீகளையும் பேசவிட்டு, இருவர் சொன்னதையும் திரும்பச் சொல்லி, பிறகே தீர்ப்புக்கு வழி தேடினான். பரத்திலிருந்து வரும் ஞானம் சாந்தமும் இணக்கமும் உள்ளது என்று யாக்கோபு 3:17 போதிக்கிறது. அந்தச் சகோதரியின் கேள்வியில் தேவ சத்தம் இருந்ததை நான் உணரவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார்கள். நகைகள் திரும்பவில்லை.

இப்பொழுது யார் வந்தாலும், ஓர் இரவாவது காத்திருந்து ஜெபிக்காமல் பதில் சொல்வதில்லை. மனைவி சொல்வதையும் கேட்கிறேன். விவரம் அறிந்தவரிடம் அனுப்புகிறேன்; வெளிநாட்டு வேலையானால், ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கச் சொல்கிறேன். விசாரிப்பது அவிசுவாசமல்ல, பிரியமானவர்களே.

இன்று உங்கள் கையிலும் ஒரு தீர்மானம் இருக்கலாம். கையெழுத்திடுமுன் முழங்காலில் நில்லுங்கள். பேசி முடித்தபின் எழுந்துவிடாமல், சற்றே காத்திருங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டால், கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் நம் தேவன் (யாக்கோபு 1:5). அவர் உங்களுக்குக் கேட்கும் இருதயத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.