நீலச் சிலந்தி

நம் வீடுகளில் சிலந்திக்கு நடக்கும் மரியாதை ஒன்றே ஒன்றுதான். அது ஒட்டடைக் கோலால் நடப்பது. ஆயினும், நம் தேசத்துச் சிலந்தி ஒன்றைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லாமலிருக்க நமக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் சென்றவர்கள், வழியில் ஆந்திர தேசத்துக் குத்தி என்னும் ஊரைக் கடந்திருப்பார்கள். அவ்வூர் ரயில்வே மரக் கிடங்கில் அகப்பட்ட சிலந்தி ஒன்றை, பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்த போக்காக் என்னும் விஞ்ஞானி ஆராய்ந்து 1899-ம் வருஷத்தில் பெயரிட்டார். உலோகம் போன்றது என்பது அப்பெயரின் கருத்து.

பொருத்தமான பெயர்தான். கால்களை விரித்தால் 6 முதல் 8 அங்குலம் இருக்கும். உடலும் கால்களும் பளபளக்கும் நீலம். அதன்மேல் வெண்சாம்பல் நிறக் கோலங்கள். முன்கால்களின் அடிப்புறத்தில் மஞ்சள் பட்டைகள். அந்த நீலம் சாயமன்று என்பதுதான் விந்தை. ரோமங்களின் அதிநுட்பமான அமைப்பில் ஒளி பட்டு நீலமாகத் தோன்றுகிறது. மயிலின் கழுத்து நீலமும் இவ்விதம் உண்டாவதே.

பிறகு நூறு வருஷங்களுக்கு மேல் அதைப் பற்றிச் செய்தியே இல்லை. 2001-ல்தான், குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் அது மறுபடி அகப்பட்டது. குத்தி அதன் சொந்த ஊரே அன்று! வெட்டுண்ட மரத்தோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் அறிந்தவர்கள். வீடிழந்து வந்த அகதிக்கு, இறங்கிய ஸ்டேஷனின் பெயரே ஊர்ப் பெயராகி நிலைத்துவிட்டது.

இன்று மேல்நாடுகளில் இதைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்த்து, விலை பேசி விற்கிறார்கள். இங்கேயோ, 2008-ல் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டில் மட்டுமே அது வாழ்வதாகக் கணக்கிடப்பட்டது. அடியோடு அழிந்துபோகும் அபாயத்திலுள்ள ஜந்துக்களில் ஒன்றாக, சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-ல் இதைச் சேர்த்தது. 2019 முதல், அநுமதிச் சீட்டின்றி இவ்வினத்தை நாடு கடத்துவதற்கும் தடை ஏற்பட்டிருக்கிறது.

நல்லதுதான். ஆனால், சீட்டுக் கேட்கும் சட்டம் துறைமுகத்தில் நிற்கிறது. கோடரியோ காட்டில் இருக்கிறது. பொந்து விழுந்த கிழ மரம் நமக்கு விறகு. அந்தச் சிலந்திக்கு அதுவே வீடு. அதன் ரத்தின நீலத்தை அந்நியர் சொல்லி நாம் அறிய நேர்ந்தது போகட்டும். அது குடியிருக்கும் மரத்தையாவது நாம் விட்டுவைக்கலாகாதா?