ஓசி இணையம்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் பாலாறு சோதனைச்சாவடி. அங்கே சாவடிக்காரர் தன் மச்சான் லாரிக்கு மட்டும் ராஜவழி விட்டால் சும்மா இருப்போமா?

இணையத்தில் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் 'இன்டர்நெட்.ஆர்க்' கொண்டுவந்தது சாட்சாத் ஃபேஸ்புக்தான். சில தளங்கள் ஓசி, மற்றதுக்குக் காசு. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்குத் தடை போட்டது. தளத்துக்குத் தளம் கட்டணத்தை மாற்றினால் நாளொன்றுக்கு ₹50,000, அதிகபட்சம் ₹50 லட்சம் அபராதம்.

சரி, காசைத் தொடாமல் வேகத்தைக் குறைத்தால்? 2018-ல் இணையச் சேவை உரிம விதிகளில் அதற்கும் பூட்டு போட்டார்கள். தளங்களை முடக்குவது, மந்தமாக்குவது, வேண்டியவருக்கு முன்னுரிமை தருவது எதுவும் கூடாது. செல்போன் கம்பெனியோ கேபிள் பிராட்பேண்டோ, விதி ஒன்றுதான்.

எதை ஓசியில் தருகிறார்கள் என்பதைவிட, எதை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று பாருங்க.