வண்டிச் சாவி

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் தோழி வீட்டிலிருந்து இரவு ஒன்பதரைக்குத் திரும்பினேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். திட்டவில்லை. கையை நீட்டி டிவிஎஸ் 50 சாவியை வாங்கிக்கொண்டார். "பொம்பளப் புள்ளைக்கு இந்நேரத்துல எதுக்கும்மா வண்டி?" என்றார். அதன்பிறகு அந்தச் சாவி என் கைக்கு வரவில்லை. தம்பிக்குப் போனது.

அந்த நாட்களில்தான் கேபிளில் 'ஜஸ்ட் எ கேர்ள்' பார்த்தேன். நோ டவுட் என்ற கலிஃபோர்னியா குழுவின் பாட்டு, 1995இல் வந்தது. பாதிச் சொற்கள் புரியவில்லை. ஆனால் தாளம் பிடித்துக்கொண்டது. ஜமைக்காவில் பிறந்த ஸ்காவில், நாம் கைதட்டும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு தட்டுகளுக்கு நடுவே கிதார் வெட்டும். அதோடு பங்க்கின் ஆத்திரமும் சேர்ந்தது ஸ்கா பங்க். க்வென் ஸ்டெஃபானி சிறுமிபோலக் கொஞ்சிப் பாடிக்கொண்டே இருந்து சட்டென்று உறுமுவார். நெற்றியில் பொட்டு. எட்டிப்பார்த்த அம்மா, "பொட்டெல்லாம் வெச்சிருக்கா" என்று திருப்தியாக அடுப்படிக்குப் போய்விட்டாள். குழுவில் பாஸ் கிதார் வாசித்த டோனி கனாலின் பெற்றோர் இந்தியர்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

பாட்டு பிறந்த கதையையும் பிறகுதான் படித்தேன். கனாலின் வீட்டிலிருந்து இரவில் தனியாகக் கார் ஓட்டி வந்ததற்காக ஸ்டெஃபானியின் அப்பா அவரைக் கண்டித்திருக்கிறார். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே கார், இங்கே டிவிஎஸ் 50. 'நான் சும்மா ஒரு பொண்ணுதானே' என்று பணிவாகத் தொனிக்கும் அந்தத் தலைப்பு முழுக்க ஏளனம்.

மார்க் கோர் இயக்கிய வீடியோவில் இரண்டு கழிவறைகள் வரும். ஆண்களுடையது அழுக்கு. பெண்களுடையது அலங்காரமாக, பளபளவென்று இருக்கும். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேருந்து நிலையக் கழிவறைக்குப் பயந்து பயணம் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வருகிறவள் நான். இந்தச் சொகுசு எந்த ஊரில் இருக்கிறது? பல முறை பார்த்த பிறகு வேறொன்று உறைத்தது. பூப்போலப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் நம்மை உள்ளே வைக்கிறார்கள். அறை அழகாக இருந்தால் கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். போன மாதம் இரவு எட்டரைக்கு என் மகள் ஸ்கூட்டர் சாவி கேட்டாள். "இந்நேரத்துல எதுக்குடி?" என்றேன். அப்பாவின் சொற்கள், என் குரலில். சாவி என் உள்ளங்கைக்குள் இறுகியிருந்தது.

என் பயம் பொய்யில்லை. அப்பாவின் பயமும் பொய்யில்லை. ஆனால் தம்பி பதினோரு மணிக்கு வந்த இரவுகளில் அந்தப் பயம் எங்கே போயிருந்தது? என் மகன் வெளியே போகும் இரவுகளில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேனே, அது எப்படி? தெருவைத் திருத்த முடியாத ஆத்திரத்தில் பெண்ணின் சாவியைப் பிடுங்குகிறோம்.

சாவியைக் கொடுத்தேன். பிறகு கேட்டைப் பிடித்தபடி நின்றேன், உட்கார முடியவில்லை. பத்தேகாலுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. இறங்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே சாவியை நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ" என்றேன்.