அக்கரையில் வேலை இல்லை

துபாய் க்ரீக்கை அப்ரா படகில் கடக்க 1 திர்ஹம். நம் பணத்துக்கு 2024 கடைசியில் 23 ரூபாய் சொச்சம். தேரா பக்கம் சப்கா படகுத்துறையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பர்துபாய் துணிக்கடைத் தெருவுக்கு வந்துவிடலாம். நடுவில் நீளமாக ஒரு பலகை. இருபது பேர் முதுகோடு முதுகு வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். படகோட்டி நடுக்குழியில் நின்றுகொண்டே கையை நீட்டுவார். காசு ஆள் மாறி ஆள் மாறி அவரிடம் போய்ச் சேரும்.

2024 டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்காரரை அங்கே கூட்டிப்போனேன். மாமா சாரம் கட்டுகிறவர். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப், கம்பெனி பஸ், சைட், திரும்பக் கேம்ப். இத்தனை வருடத்தில் அவர் பார்த்த துபாய் அவ்வளவுதான்.

"அந்தப் பக்கம் நமக்கு என்னா வேல மச்சான்?"

"ஒரு வேலையும் இல்ல மாமா. சும்மா போயிட்டு வரலாம்."

சும்மா எங்கேயும் போகிற வருடமாக அது இருக்கவில்லை. ஏப்ரல் 16ஆம் தேதி கொட்டிய மழை, அல் ஐன் அருகே கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர். 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து இந்த நாடு பார்த்திராத மழை. ஷார்ஜாவில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே நாளாயிற்று. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போனோம்.

ஜூன் 12 விடியற்காலையில் குவைத் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இந்தியர்கள் மட்டும் குறைந்தது 45 பேர் போனார்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வளைகுடாவில் கேம்பில் படுக்கிற ஒருவருக்கும் அது வேற்று நாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை. மாமா அன்றைக்கே தன் கட்டிலைக் கதவோரம் மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு கோடை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30இலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் உண்டு. அந்த இரண்டரை மணி நேரம் போக மீதி வெயில் முழுக்கச் சாரத்தின் மேல்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறிப் பாய்ந்தது. அக்கா வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம். இங்கே டிசம்பர் 2 தேசிய தினம், கார்களுக்கெல்லாம் கொடி போர்த்தித் தெரு முழுக்கக் கொண்டாட்டம். அங்கே அக்காவின் போன் அணைந்து கிடந்தது. மாமா சாப்பிடாமல், பேசாமல், அதே எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல்தான் அக்கா குரல் வந்தது. பிள்ளையோடு பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறாள். வீட்டுக்குள் இடுப்பளவு சேறு. பசு மாடு போய்விட்டது.

அதற்குப் பிறகு மாமாவின் முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை. அதனால்தான் அப்ரா.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து கடற்காக்கைகள் க்ரீக்குக்கு வந்துவிடும். படகு நகர்ந்ததும் கூடவே பறக்கும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தான். ஒரு பறவை மாமாவின் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். படகின் வேகமும் அதன் வேகமும் ஒன்றாகிவிட்டன, இறக்கையும் அசையவே இல்லை. கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. மாமா அதைப் பார்த்தார், அதுவும் தலையைச் சாய்த்து மாமாவைப் பார்த்தது. மறு விநாடி பையன் கையிலிருந்த குப்பூஸ் காணோம். "ஏய்... ஏய்... திருட்டுப் பய!" என்று மாமா போட்ட சத்தத்தில் பாதிப் படகு திரும்பியது. பையனைவிட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான்.

பர்துபாயில் இறங்கியதும், "மச்சான், இன்னொரு வாட்டி போலாமா?" என்றார். போனோம். திரும்பி வந்தோம். பிறகும் போனோம். எந்தக் கரையிலும் எங்களுக்கு வேலை இல்லை. தேராக் கரையில் மரக்கலங்களில் குளிர்பெட்டியும் டயரும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தவிர எல்லோருக்கும் ஏதோ அவசரம்.

கரையோரக் கடையில் கடக் டீ குடிக்கும்போதுதான் அவர் முகம் மறுபடி சுருங்கியது. "அங்க செவுரு ஈரம்கூட காயல. நான் இங்க படகு சவாரி பண்றேன்" என்றார்.

"நீங்க சிரிச்சதால செவுரு காயாமப் போயிடாது மாமா" என்றேன்.

இதை நான் மனதார நம்புகிறேன். வளைகுடாவில் உழைக்கிறவர் கையில் எதுவும் தங்குவதில்லை. சம்பளம் வந்த அன்றே எக்ஸ்சேஞ்சில் கட்டியாகிவிடும். கோடாலித் தைலம், பால் பவுடர், பூப்போட்ட கம்பளி எல்லாம் அட்டைப்பெட்டியில் பேர் எழுதி ஊருக்குப் போகும். படும் கஷ்டத்தைக்கூட வீட்டுக்காரர்களுக்காகத்தான் படுகிறார். ஒரு கடற்காக்கை குப்பூஸைத் திருடியதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒன்றைத்தான் எந்தக் கார்கோவிலும் போட முடியாது. அது அவருக்கே அவருக்கு. அதையும் செலவுக் கணக்கில் எழுதிக் கழிக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

சாயங்காலம் ராஸ் அல் கோர் போனோம். க்ரீக் முடிகிற இடத்துச் சதுப்பு நிலம். 2007இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அனுமதி இலவசம். மரக்குடிலுக்குள் நின்று தொலைநோக்கியில் பார்க்கலாம். பின்னணியில் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா, முன்னால் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள். மாமா கட்டடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கட்டடம் அவர் தினமும் பார்ப்பது.

"எல்லாம் ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?"

எப்போதோ படித்ததைச் சொன்னேன். அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் கண்டது: ஒற்றைக் காலில் நிற்கும்போது பூநாரையின் மூட்டுகள் தாமாகவே எடையைத் தாங்கிக்கொள்ளும், தசை உழைக்க வேண்டியதே இல்லை. செத்த பறவையைக்கூட ஒற்றைக் காலில் நிறுத்த முடிந்ததாம். இரண்டு காலில் நிற்பதுதான் அதற்குச் சிரமம்.

"அப்போ அது ரெஸ்ட் எடுக்குது" என்றார். செருப்பைக் கழற்றினார். வலது காலை மடக்கி, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, கழுத்தை வளைத்து நின்றார். ஆடவில்லை, அசையவில்லை. ஒரு பலகை அகலத்தில் அத்தனை மாடி உயரத்தில் நடந்து பழகிய கால். குடிலுக்குள் வந்திருந்த ஒரு குடும்பத்தில் முதலில் குழந்தைகள் காலைத் தூக்கினார்கள், அப்புறம் அவர்கள் அப்பா.

நான் போட்டிம் வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டுத் திரையை மாமா பக்கம் திருப்பினேன். அக்கா மகள் ஒரு நொடி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ஓடியா, அப்பாவப் பாரு!"

அக்கா ஈரக் கையோடு வந்தாள். "டேய், அந்த மனுசனுக்கு என்னாடா ஆச்சு?"

"ரெஸ்ட் எடுக்கறாருக்கா."

"அப்பா, அடுத்த காலு, அடுத்த காலு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாமா காலை மாற்றினார்.